டெங்குவுக்கு எதிரான தாவரச் சேர்மங்கள் எவ்வாறு சோதிக்கப்படுகின்றன?

ஒரு மூலிகையின் இலைச்சாறு டெங்கு வைரஸைத் தடுப்பதாக ஆய்வில் தெரியவந்துள்ளது என்ற வகைச் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். அந்த வரி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அது உண்மையே. ஆனால் அது எந்த இடத்தில் உண்மை என்பதைச் செய்தி சொல்வதில்லை. தட்டில் வளர்த்த உயிரணுக்களில் தடுத்ததா, சுண்டெலியின் உடலில் தடுத்ததா, காய்ச்சலோடு படுத்திருக்கும் மனிதரிடம் தடுத்ததா என்பதைப் பொறுத்து அந்த வரியின் பொருள் முற்றிலும் மாறிவிடும். ஒரு தாவரச் சேர்மம் எந்தெந்தச் சோதனைகளைக் கடந்து மருந்தாக வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு சோதனையும் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்பதைப் புதிதாகப் படிப்பவருக்கும் புரியும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தத் தேடலுக்கு வலுவான காரணம் இருக்கிறது. டெங்கு வைரஸை நேரடியாகத் தாக்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. உடலில் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வது, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுப்பது, ரத்த நாளங்களிலிருந்து நீர் கசியும் அபாயகரமான நாள்களில் நோயாளியை உன்னிப்பாகக் கவனிப்பது ஆகியவையே சிகிச்சை. 2024ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 1.4 கோடிக்கும் மேற்பட்ட டெங்கு பாதிப்புகள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்டன. மறுபுறம், தாவரங்கள் ஓடி ஒளிய முடியாதவை. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் நுண்ணுயிருக்கும் எதிராக வேதிப்பொருள்களைத் தயாரித்தே அவை பிழைத்து வந்திருக்கின்றன. சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் குயினைன் பிரித்தெடுக்கப்பட்டது முதல், மருந்தியல் அந்தச் சேமிப்பிலிருந்து பலமுறை கடன் வாங்கியிருக்கிறது. ஆகவே தாவரங்களில் தேடுவது நியாயமானது. தேடும் முறை சரியாக இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

முதலில் எதிரியைக் கொஞ்சம் அறிந்துகொள்வோம். டெங்கு வைரஸின் மரபுப்பொருள் ஏறக்குறைய 10,700 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. அது உயிரணுவுக்குள் நுழைந்ததும் ஒரே நீண்ட புரதச் சங்கிலியாக மொழிபெயர்க்கப்படுகிறது. அந்தச் சங்கிலி பின்னர் 10 புரதங்களாக வெட்டப்படுகிறது. அவற்றில் 3 வைரஸின் உடலைக் கட்டுபவை. மீதி 7, உயிரணுவை வைரஸ் தொழிற்சாலையாக மாற்றும் கருவிகள். வெட்டும் வேலையில் பெரும்பங்கை என்.எஸ்.3 என்ற புரதம், என்.எஸ்.2பி என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து செய்கிறது. ஆர்.என்.ஏ. இழையைப் படியெடுப்பது என்.எஸ்.5. இந்த இரண்டு நொதிகளும் மருந்து தேடுபவர்களின் விருப்பமான இலக்குகள். வைரஸின் கருவியை விட்டுவிட்டு, வைரஸ் இரவல் வாங்கிப் பயன்படுத்தும் நம் உயிரணுவின் கருவி ஒன்றை முடக்குவது மற்றொரு வழி. அவ்வாறு செய்தால் வைரஸ் தன் மரபணுவை மாற்றிக்கொண்டு தப்பிப்பது கடினம்; ஆனால் நம் உடலுக்கும் ஓரளவு சிரமம் நேரும். டெங்கு வைரஸில் 4 வகைகள் இருப்பதையும் மறந்துவிடக் கூடாது. நோயாளி முதன்முதலில் மருத்துவரிடம் வரும்போது எந்த வகை தாக்கியிருக்கிறது என்பது பொதுவாகத் தெரியாது என்பதால், நான்கையும் தடுக்கும் மருந்தே நடைமுறையில் பயன்படும்.

தாவரத்திலிருந்து சோதனைக் குழாய்க்கு வரும் வழியிலேயே பல தவறுகள் நேரக்கூடும். உலர்த்திப் பொடியாக்கிய இலையைத் தண்ணீரில் ஊறவைத்தால் ஒரு தொகுதிச் சேர்மங்களும், ஆல்கஹாலில் ஊறவைத்தால் வேறொரு தொகுதியும், ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்தால் கொழுப்பில் கரையும் மற்றொரு தொகுதியும் வெளிவருகின்றன. எனவே ஒரே செடியிலிருந்து எடுத்த இரண்டு சாறுகள் வேதியியலில் இரண்டு வெவ்வேறு பொருள்கள். ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. சீனாவில் து யூயூ என்ற ஆய்வாளரின் குழு அந்த மருந்தைத் தரும் செடியைச் சோதித்தபோது முடிவுகள் முதலில் நிலையாக வரவில்லை. பிரித்தெடுக்கும்போது ஏற்படும் வெப்பமே மருந்துப் பொருளைச் சிதைப்பதாக அவர் ஐயுற்றார். குறைந்த வெப்பநிலையில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு பிரித்தெடுத்த பிறகு, 1971 அக்டோபரில், 191ஆவது மாதிரி எலிகளின் மலேரியாவை முழுமையாக ஒடுக்கியது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செடி அதேதான்; கரைப்பானும் வெப்பநிலையுமே மாறின. செடியைத் தாவரவியலாளர் அடையாளம் காட்டினாரா, எந்தப் பருவத்தில் பறிக்கப்பட்டது, எந்தப் பாகம் பயன்பட்டது, எந்தக் கரைப்பானில் எவ்வளவு நேரம் ஊறியது ஆகிய விவரங்கள் இல்லாத ஆய்வை வேறொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியாது என்பதால், அதன் முடிவு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அதை அடித்தளமாகக் கொள்ள இயலாது.

சாறு கையில் கிடைத்த பிறகு அது உயிரணுக்களின் மீது சோதிக்கப்படுகிறது. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ உயிரணுக்கள், மனிதக் கல்லீரல் புற்றிலிருந்து வந்த ஹூ-7 உயிரணுக்கள், ஏடிஸ் கொசுவிலிருந்து வந்த சி6/36 உயிரணுக்கள் ஆகியவை டெங்கு ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கப்படுபவை. இங்கே தொடக்கநிலை வாசகர் கட்டாயம் மனத்தில் இருத்த வேண்டிய ஒன்று உண்டு: வைரஸ் தானாகப் பெருகாது, உயிருள்ள உயிரணுவுக்குள் மட்டுமே பெருகும். எனவே உயிரணுவைக் கொல்லும் எந்த நஞ்சும் வைரஸின் பெருக்கத்தை நிறுத்திவிடும். வெளுப்புத் தூளைக் கரைத்து ஊற்றினாலும் வைரஸ் குறையும், அது மருந்தல்ல. இதனால்தான் சாறு வைரஸைத் தடுக்கிறதா என்று கேட்பதற்கு முன்பு, அது உயிரணுவை உயிரோடு விட்டுவைக்கிறதா என்று கேட்க வேண்டும்.

அந்த முதல் கேள்விக்குப் பரவலாகப் பயன்படும் முறையில் ஒரு மஞ்சள் நிறச் சாயம் உயிரணுக்களோடு சேர்க்கப்படுகிறது. உயிருள்ள உயிரணுக்கள் அதை ஊதா நிறப் பொருளாக மாற்றும். ஊதா நிறம் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதோ அவ்வளவு உயிரணுக்கள் நலமாக இருக்கின்றன என்று கணக்கிடுவார்கள். சாற்றின் எந்தச் செறிவில் பாதி உயிரணுக்கள் மடிகின்றனவோ அது அதன் 50 விழுக்காடு நச்சுச் செறிவு எனப்படும்.

இரண்டாவது கேள்விக்கான உரைகல் பிளேக் சோதனை. 1952இல் ரெனாட்டோ டல்பெக்கோ என்ற வைரஸ் ஆய்வாளர் விலங்கு வைரஸ்களுக்காக வகுத்துத் தந்த இம்முறை, எளிமையிலும் நம்பகத்தன்மையிலும் இன்றும் எனக்கு வியப்பைத் தருகிறது. தட்டின் அடிப்பரப்பு முழுவதும் ஒரே அடுக்காக உயிரணுக்களை வளர்த்து, அளந்த வைரஸை அதன் மீது சிறிது நேரம் படியவிட்டு, பிறகு கெட்டியான கூழ் போன்ற ஊடகத்தால் மூடிவிடுவார்கள். வைரஸ் திரவத்தில் மிதந்து தொலைவுக்குப் போக முடியாததால் அண்டை உயிரணுக்களுக்கு மட்டுமே பரவும். சில நாள்களுக்குப் பிறகு சாயம் ஏற்றினால் உயிருள்ள பகுதி ஊதாவாகவும், வைரஸ் தின்ற இடங்கள் வெள்ளைத் துளைகளாகவும் தெரியும். ஒவ்வொரு துளையும் தொற்றும் திறனுள்ள ஒரு வைரஸ் துகளில் தொடங்கியதாகக் கொள்ளப்படுகிறது. துளைகளை எண்ணினால் வைரஸை எண்ணியதாகிறது. சாறு சேர்த்த தட்டில் துளைகள் எந்தச் செறிவில் பாதியாகக் குறைகின்றனவோ அது 50 விழுக்காடு தடுப்புச் செறிவு.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு சாறு மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமில் வைரஸைப் பாதியாக்குகிறது, 40 மைக்ரோகிராமில் உயிரணுக்களில் பாதியைக் கொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நச்சுச் செறிவைத் தடுப்புச் செறிவால் வகுத்தால் 2 வருகிறது. மருந்தும் நஞ்சும் தொட்டுக்கொண்டு நிற்கும் நிலை அது; இத்தகைய சாறு உயிரணுவைத் துன்புறுத்தியே வைரஸைக் குறைத்தது என்ற ஐயத்திலிருந்து தப்ப முடியாது. மற்றொரு சேர்மம் 2 மைக்ரோகிராமில் தடுத்து, 200 மைக்ரோகிராம் வரை உயிரணுக்களில் பாதியைக் கொல்லாமல் இருந்தால் விகிதம் 100. தேர்வுக் குறியீடு எனப்படும் இந்த விகிதம் குறைந்தது 10ஐத் தாண்ட வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலர் பின்பற்றும் நடைமுறை அளவுகோல். 90 விழுக்காடு தடுப்பு என்று மட்டும் அறிவித்து இந்தக் குறியீட்டைச் சொல்லாத செய்தியை நம்பாமல் இருப்பதே நல்லது. சாற்றைக் கரைக்கப் பயன்பட்ட கரைப்பானை மட்டும் சேர்த்த தட்டு ஒன்றும், எதுவுமே சேர்க்காத தட்டு ஒன்றும் ஒப்பீட்டுக்கு இருந்தனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்ததாக, சாற்றை எப்போது சேர்த்தார்கள் என்பது முக்கியம். வைரஸையும் சாற்றையும் முன்கூட்டியே ஒரே குழாயில் கலந்துவைத்து, பிறகு உயிரணுக்கள் மீது ஊற்றினால், பல தாவரச் சாறுகள் அருமையான முடிவுகளைத் தரும். சாற்றிலுள்ள, துவர்ப்பைத் தரும் டானின் போன்ற பொருள்கள் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை என்பதால் வைரஸின் மேற்பரப்பிலும் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்யும். ஆனால் நோயாளியின் உடலில் வைரஸ் ஏற்கெனவே உயிரணுக்களுக்குள் குடியேறிவிட்டது. எனவே தொற்று நேர்ந்த பின் 2 மணி, 6 மணி, 12 மணி நேரம் கழித்துச் சாற்றைச் சேர்த்து, எந்த நேரம் வரை தடுப்பாற்றல் நீடிக்கிறது என்று பார்ப்பார்கள். நுழையும்போது மட்டும் தடுக்கிறதா, படியெடுப்பைத் தடுக்கிறதா, புதிய வைரஸ் கட்டமைவதைத் தடுக்கிறதா என்பதை இந்த நேர வரிசையே காட்டிக்கொடுக்கும்.

ஏமாற்றும் முடிவுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தாவரச் சேர்ம ஆய்வில் நேர்மையான உழைப்பு அதிகம் வீணாவது இங்கேதான். சில சேர்மங்கள் எந்த நொதியை எதிரே வைத்தாலும் அதைத் தடுப்பதுபோலக் காட்டும். அவை நீரில் சிறு திரள்களாகச் சேர்ந்து நொதியைத் தம் மேற்பரப்பில் அள்ளிக்கொள்ளலாம். தாமே ஒளிர்ந்து, ஒளியை அளக்கும் கருவியைக் குழப்பலாம். புரதங்களோடு கண்டபடி வேதிவினை புரியலாம். மஞ்சளிலுள்ள குர்குமின் இதற்கு அடிக்கடி சுட்டப்படும் எடுத்துக்காட்டு: எத்தனையோ நோய்களுக்கு எதிராகச் சோதனைக் குழாயில் வெற்றி பெற்ற அது, உடலில் நிலைத்து நிற்காமலும் ரத்தத்தில் போதிய அளவு சேராமலும் போவதை 2017இல் வெளிவந்த வேதியியல் மதிப்பாய்வு ஒன்று விரிவாக எடுத்துரைத்தது. நொதிச் சோதனையில் சிறிதளவு சோப்புத்தன்மையுள்ள பொருளைச் சேர்த்தால் திரள்கள் கலைந்துவிடும். அப்போதும் தடுப்பாற்றல் நிலைத்தால் அது உண்மையாக இருக்க வாய்ப்புண்டு. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சேர்மங்கள் முன்பு சொன்ன மஞ்சள் சாயத்தை உயிரணுவின் உதவியின்றித் தாமே ஊதாவாக மாற்றிவிடக்கூடும் என்பதால், செத்த உயிரணுக்கள்கூட உயிரோடிருப்பதுபோலத் தோன்றும். அதைக் கண்டுபிடிக்க, சோதனைத் தட்டில் உயிரணுக்களே இல்லாத ஒரு குழியில் சாற்றையும் சாயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில நிமிட வேலைதான். செய்யாமல் விட்டால் ஆண்டுகள் வீணாகும்.

கணினியில் சேர்மத்தின் உருவத்தை வைரஸ் நொதியின் பள்ளத்தில் பொருத்திப் பார்க்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆயிரக்கணக்கான சேர்மங்களிலிருந்து எவற்றை முதலில் சோதிக்கலாம் என்று தேர்ந்தெடுக்க அது உதவுகிறது. பொருந்தும் என்ற கணிப்பு தடுத்தது என்ற சான்றாகாது. என்.எஸ்.3 நொதியின் செயலிடம் மேலோட்டமானது, தட்டையானது. மருந்து மூலக்கூறு பிடித்துக்கொள்ள ஏதுவான ஆழம் அதில் இல்லை. அதனால் அந்த நொதிக்கு எதிரான கணினிக் கணிப்புகளை ஆய்வகம் உறுதிப்படுத்தும் வரை பொறுத்திருப்பது நலம்.

தட்டில் தேறிய சாறு பிறகு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியும் மீண்டும் சோதிக்கப்படுகிறது. செயல்படும் பகுதி மேலும் பிரிக்கப்பட்டு, இறுதியில் ஒரு தூய சேர்மம் கிடைத்தால் அதன் கட்டமைப்பு கண்டறியப்படுகிறது. பல நேரங்களில் பிரிக்கப் பிரிக்கச் செயல் மங்கி மறைந்துவிடும். பல சேர்மங்கள் கூடிச் செய்த வேலை அது என்றும் இருக்கலாம், முதலில் கண்டதே பிழை என்றும் இருக்கலாம்; இரண்டில் எது என்பதை ஆய்வாளர் நிறுவ வேண்டும்.

விலங்குச் சோதனையில் வேறொரு சிக்கல். டெங்கு வைரஸ் சாதாரணச் சுண்டெலியைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. எலியின் இன்டர்ஃபெரான் என்னும் எதிர்ப்பு அமைப்பு அதை விரைவில் அடக்கிவிடும். எனவே இன்டர்ஃபெரானை உணரும் புரதங்களான ஏற்பிகள் நீக்கப்பட்ட ஏ.ஜி.129 என்ற எலி வகை பயன்படுகிறது. டெல்லியிலுள்ள சர்வதேச மரபணுப் பொறியியல், உயிரித் தொழில்நுட்ப மையத்தின் ஆய்வாளர்களும் அவர்களுடன் பணியாற்றியவர்களும், சிசாம்பெலோஸ் பரெய்ரா என்ற கொடியின் ஆல்கஹால் சாறு 4 வகை வைரஸையும் உயிரணுக்களில் தடுப்பதையும், இவ்வகை எலிகளுக்குப் பாதுகாப்புத் தருவதையும் 2015இல் வெளியிட்டார்கள். நல்ல தொடக்கம். ஆயினும் எதிர்ப்பாற்றலில் ஒரு முக்கியக் கை வெட்டப்பட்ட எலி, மனிதருக்கு நேர்ப் பதிலாகிவிடாது. எலிக்கு வைரஸை ஊசியால் செலுத்திய நிமிடம் நமக்குத் தெரியும், மருந்தையும் உடனே தொடங்கலாம். மனிதரைக் கொசு கடித்த நேரம் யாருக்கும் தெரியாது.

மனிதச் சோதனைக்கு வருவோம். டெங்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தத் தனி மருந்தும் இல்லாமலே ஏறக்குறைய ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் குறைந்துபோன எண்ணிக்கையும் தானே ஏறும். ஆகையால் ஐந்தாம் நாளில் எதைக் கொடுத்தாலும் ஏழாம் நாளில் அது வேலை செய்ததுபோலவே தோன்றும். கொடுத்தவரும் குடித்தவரும் மனமார நம்புவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லாததே குறை. குலுக்கல் முறையில் நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் மறு குழுவுக்குப் பார்வைக்கு அதே போன்ற மருந்தில்லா மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது கிடைத்தது என்பதை மருத்துவரும் நோயாளியும் அறியாமல் வைத்து அளப்பதே இந்த மயக்கத்தை விலக்கும். எதை அளக்கிறோம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். மலேசியாவில் 228 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பப்பாளி இலைச்சாற்றைக் கொடுத்து நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு, தட்டணுக்கள் கூடியதைக் காட்டியது. அந்த ஆய்வில் மருந்தில்லா மாற்று கொடுக்கப்படவில்லை. மேலும் தட்டணு கூடுவது ஒன்று, ரத்தத்தில் வைரஸ் குறைவது வேறொன்று, நீர்க்கசிவு ஏற்படாமல் நோயாளி காப்பாற்றப்படுவது மூன்றாவது. முதலாவதைக் காட்டிவிட்டு மற்ற இரண்டையும் உரிமை கொண்டாட முடியாது.

தாவரத்திலிருந்து வந்ததால் தீங்கில்லை என்ற எண்ணத்தையும் இங்கே கைவிட வேண்டும். வில்லோ மரப்பட்டையிலுள்ள சாலிசினின் வழிவந்த ஆஸ்பிரின், ரத்தக்கசிவைத் தூண்டும் என்பதால் டெங்குவில் விலக்கப்பட்ட மருந்து.

ஏறக்குறைய எல்லாப் படிகளையும் ஏறிய ஒரு தாவரச் சேர்மத்தின் கதையை இறுதியில் வைத்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் வளரும் காஸ்டனோஸ்பெர்மம் ஆஸ்திரேலே என்ற மரத்தின் விதைகள் கால்நடைகளுக்கு நஞ்சு. அவற்றிலிருந்து 1981இல் காஸ்டனோஸ்பெர்மின் என்ற சேர்மம் பிரித்தெடுக்கப்பட்டது. நம் உயிரணுவுக்குள் புதிய புரதங்களின் மேல் ஒட்டப்படும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியைச் சீவும் குளுக்கோசிடேஸ் நொதியை அது முடக்குகிறது. சீவப்படாத புரதங்கள் சரியாக மடிவதில்லை. தன் உறைப் புரதங்களுக்கு இதே சீவலை நம்பியிருக்கும் டெங்கு வைரஸ் குறைபட்ட துகள்களையே உருவாக்குகிறது. 2005இல் உயிரணுக்களிலும் எலிகளிலும் இது காட்டப்பட்டது. உடலில் எளிதாக உறிஞ்சப்படும்படி அந்தச் சேர்மத்தில் சிறு வேதி மாற்றம் செய்து உருவாக்கிய செல்கோசிவிர், ஏ.ஜி.129 எலிகளைச் சாவிலிருந்து காத்தது. பிறகு சிங்கப்பூரில் 50 நோயாளிகளிடம், காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள், மருந்தில்லா மாத்திரையுடன் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். 2014இல் முடிவு வெளியானது: மருந்து பாதுகாப்பாக இருந்தது; ஆனால் ரத்தத்தில் வைரஸின் அளவையோ காய்ச்சலையோ குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை.

இதைத் தோல்வி என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. டெங்குவில் வைரஸின் அளவு காய்ச்சல் தொடங்கும் நேரத்தையொட்டியே உச்சத்தைத் தொட்டுவிட்டுத் தானே சரியத் தொடங்குகிறது. 48 மணி நேரம் என்பது நமக்கு விரைவு, வைரஸுக்குத் தாமதம். எலிகளிலும் ஒரே நாள் அளவை ஒரே வேளையில் கொடுப்பதைவிட இரு வேளையாகப் பிரித்துக் கொடுத்தபோது பாதுகாப்பு கூடியது முன்பே தெரிந்திருந்தது. அதாவது ரத்தத்தில் மருந்தின் அளவு வேளைகளுக்கு இடையே தாழ்ந்துவிடாமல் இருப்பது முக்கியம். ஆய்வாளர்கள் மீண்டும் எலிகளிடம் திரும்பி, நாளுக்கு நான்கு வேளையாகக் கொடுத்துப் பார்த்து, 2016இல் அந்த முடிவுகளை வெளியிட்டார்கள். மரத்தின் விதையில் தொடங்கிய கேள்வி அங்கே, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுப்பது, காய்ச்சல் கண்ட எத்தனையாவது மணியில் தொடங்குவது என்ற அளவுக்குக் கூர்மையாகியிருந்தது.